மார்கழியில் நான் கன்னம் பார்த்த கதை

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியத் தம்பி, தங்கைகளே, உங்களில் யாரோ ஒருவர் தலையில் இந்த வருடம் "சுகாதாரப் பொறுப்பு" என்றொரு வேலை வந்து விழப்போகிறது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நானும் திருப்பிப் பார்த்தேன். பி.டி. வாத்தியார்தானே, கழுத்தில் விசில் தொங்குகிறதே, உடம்பைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ரத்தத்தைப் பார்த்தால் முதலில் உட்காருகிற ஆள் நான் என்பதும், பக்கத்தில் யாராவது இருமினால் எனக்குத் தொண்டை கரகரக்கும் என்பதும் நிர்வாகத்துக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

போன வருடம் என் முழங்கால் என்னைக் கேட்காமல் ஓய்வு பெற்றுவிட்டது. தனியாக நான் மட்டும் மைதானத்தில் நின்று என்ன செய்வது என்று நானும் கிளம்பிவிட்டேன். போவதற்கு முன் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். முதலுதவிப் பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நான் எழுதப் போவதில்லை. அது பெட்டியின் மூடியிலேயே ஒட்டியிருக்கிறது. நான் எழுதப் போவது பயத்தைப் பற்றி. குறிப்பாக, என் பயத்தைப் பற்றி. அந்த விஷயத்தில் நம் பள்ளியில் என்னைவிட அனுபவசாலி கிடையாது.

அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்த வருடம், ஜூன் மாதம் ஒரு அம்மா என்னைப் பார்க்க வந்தார். துடியலூர் சந்தைப் பக்கம் இட்லி மாவு அரைத்து விற்கிறவர். கூடவே ஐந்தாம் வகுப்பில் சேரவேண்டிய மகள், மகிழினி. அந்தப் பெண்ணுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. உடம்பில் இருக்கவேண்டிய சத்து சிறுநீரில் போய்விடும். முகமும் காலும் வீங்கிவிடும். மருந்தில் அடங்கியிருந்தது. ஆனால் சாதாரணச் சளிக்காய்ச்சல் வந்தாலும் போதும், மறுபடி கிளம்பிவிடும். சாப்பிடுகிற மாத்திரையோ எந்தத் தொற்றையும் எளிதாக உள்ளே விட்டுவிடும். நாலாம் வகுப்பில் பாதி நாள் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் இருந்தாள்.

"டாக்டர் ஸ்கூலுக்கு அனுப்பலாம்னு சொல்லிப்போட்டாங்க சார்" என்றார் அந்த அம்மா. "ஆனா வகுப்புல ஒட்டுவாரொட்டி எதாச்சும் வந்துச்சுன்னா எனக்கு உடனே தெரியோணுங்க. ஒரு போன் போட்டீங்கன்னா போதும், ஊட்லயே வெச்சுக்குவேன்."

"போட்டுடறேங்க அம்மணி. நீங்க கவலையே படாதீங்க."

மகிழினி என் விசிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், பொங்கல் விழாவுல வள்ளிக்கும்மி நீங்கதான் எடுக்கறீங்களாமா? நான் ஆடலாமுங்களா?"

"நீ இல்லாம கும்மியா கண்ணு?" என்றேன். கொடுப்பதற்குச் செலவில்லாத வாக்கு என்றால் நான் கர்ணன்.

அந்த ஒரு போனைச் சரியான நேரத்தில் போடுவதுதான் என் வேலை. அதைவிடப் பெரிய வேலை எதுவும் அந்த வருடம் எனக்கு இருக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மார்கழிக் குளிர் முன்கூட்டியே வந்துவிட்டது. நம் ஊர்க் குளிரைக் குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் நாம் விடுவோமா? காலையில் மலைப்பக்கமிருந்து கொஞ்சம் மூட்டம் இறங்கிவிட்டால் போதும், பள்ளி வாசலில் வந்து இறங்குகிற பிள்ளைகளில் எது யார் பிள்ளை என்று தெரியாது. குரங்குக் குல்லா, மஃப்ளர், அதற்கு மேல் அப்பாவின் மஃப்ளர். நடுவில் இரண்டு கண்கள். அந்தக் கண்கள் "குட் மார்னிங் சார்" என்று சொல்லும். நாமும் உத்தேசமாக ஒரு பெயரைச் சொல்லி வணக்கம் வைத்துக்கொள்வோம்.

டிசம்பர் முதல் வாரம் கபசுரக் கசாயம் கொடுத்துப் பார்த்தேன். வீரியம் முக்கியம் என்று நானே நின்று சுண்டக் காய்ச்சினேன். வரிசையில் முதல் பையன் குடித்துவிட்டு வாந்தி எடுத்தான். அவனைப் பார்த்து இரண்டாவது பையன். இரண்டு பேரையும் பார்த்து வரிசையே. சுவருக்கு அந்தப் பக்கம் பேருந்துக்கு நின்றிருந்த யாரோ பள்ளியில் காலரா என்று சொல்லிவிட்டார்கள். அதைச் சமாளித்து முடித்த மறுநாள், பீளமேட்டில் ஒரு பள்ளியில் பொன்னுக்குவீங்கி பரவுகிறது என்று வாட்ஸப்பில் செய்தி வந்தது. காதுக்குக் கீழே கன்னம் வீங்கி, காய்ச்சல் வரும், ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குச் சட்டென்று தாவும். எனக்கு முதலில் மகிழினியின் முகம்தான் ஞாபகம் வந்தது. இரண்டாவதாக என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்வான்? நிதானமாக யோசிப்பான். நான் மைக்கைப் பிடித்தேன்.

"எல்லாரும் கவனிங்க! கன்னம் வீங்கி யாராவது பள்ளிக்கூடத்துக்கு வந்தா உடனே திருப்பி அனுப்பிருவேன்! ஒருத்தரையும் உள்ள விடமாட்டேன்!"

பதற்றமானால் எனக்கு விசில் தானாக வாய்க்குப் போய்விடும். ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் ஒரு ஊதல். இறைவணக்கக் கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். சத்தம் போட்டே பேசாத மனுஷி. அவரிடம் திட்டு வாங்குவதற்குக்கூடக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து நிற்க வேண்டும்.

"சார், மொதல்ல விசில வாயிலிருந்து எடுங்க. இப்ப நீங்க சொன்னதக் கேட்டுட்டு, நாளைக்கு வீக்கத்தோட வர்ற பிள்ளை என்ன செய்யும்?"

"வராதுங்க மேடம்."

"பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் காலை வாசலில் நின்றேன். கையில் நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி. கொரோனாக் காலத்தில் வாங்கியது. மூட்டத்தில் நனைந்து வந்த நெற்றிகளில் அது காட்டிய எண்ணை நம்பினால் எங்கள் ஆறாம் வகுப்பில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. அதைப் பையில் போட்டுவிட்டுக் கன்னம் பார்க்கத் தொடங்கினேன். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சந்தேகத்தோடு பார்த்தால் உலகத்தில் வீங்காத கன்னமே கிடையாது. எட்டாம் வகுப்பு தர்ஷனைப் பிடித்துவிட்டேன். இரண்டு பக்கமும் பன் மாதிரி. "சார், எனக்கு எப்பவுமே இப்படித்தானுங்க சார்" என்று அவன் சொல்லச் சொல்ல, ஊட்டுக்குப் போ சாமி என்று அனுப்பிவிட்டேன்.

அரைமணி நேரத்தில் அவன் அப்பா புல்லட்டில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். அதே கன்னம். பின்சீட்டிலிருந்து தாத்தா இறங்கினார். அதே கன்னம், கொஞ்சம் தொங்கலாக.

"ஏனுங்க சார், எங்க மூணு பேர்ல யாருக்குங்க சீக்கு?"

தர்ஷனை உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். விசில் வாயில் இருந்தது.

அந்த வாரம் முழுக்க வீங்கிய கன்னம் ஒன்றுகூட என் வாசலில் சிக்கவில்லை. நோயை வாசலோடு நிறுத்திவிட்டேன் என்று பணியாளர் அறையில் காலை ஆட்டிக்கொண்டு டீ குடித்தேன். அன்று மத்தியானம்தான் ஐந்தாம் வகுப்பு மிஸ் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கவின். நம் பள்ளியில் நகை போட்டு வரக் கூடாது என்பது விதி. இவன் சட்டைக்குள்ளே பெரியவர்கள் போடுகிற தங்கச் சங்கிலி ஒன்று தொப்புள்வரை தொங்கிக்கொண்டிருந்தது.

"என்றா இது மாப்பிள்ளைக் கோலம்?" என்றேன். தொற்றை ஜெயித்தவனின் உல்லாசத்தில் இருந்தேன்.

"அம்மா போட்டு உட்டாங்க சார். போட்டுட்டே இருந்தா வத்தீருமாமா."

"எது வத்தீரும்?"

அவன் அப்பாவின் மஃப்ளரைக் கழற்றினான். இடது காதுக்குக் கீழே ஒரு உருளைக்கிழங்கு போண்டா.

உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பொன்னுக்குவீங்கி வந்தால் கழுத்தில் பொன் போட வேண்டும் என்பது நம் பக்கம் வீட்டுக்கு வீடு உள்ள பழக்கம். அம்மாவின் சங்கிலியோ அத்தையின் சங்கிலியோ, ஏதோ ஒன்றைப் பிள்ளையின் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். எனக்கும் சின்ன வயதில் மாட்டியிருக்கிறார்கள். இத்தனையும் தெரிந்த நான் ஒரு வாரமாக மஃப்ளருக்கு மேலே கன்னத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கவினை ஆயாம்மாவோடு தனி அறைக்கு அனுப்பினேன். பிறகுதான் அது உறைத்தது. ஐந்தாம் வகுப்பு.

"மிஸ், இவன் எங்க உக்காருவான்?"

"மகிழினிக்குப் பின்னாடி பெஞ்சுங்க சார்."

அடுத்த ஐந்து நிமிடம் நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். தலைமையாசிரியை அறைக்கு ஓடினேன். பள்ளியை மூட வேண்டும் என்றேன். எல்லா வகுப்பிலும் மருந்து அடிக்க வேண்டும் என்றேன். மஃப்ளரைத் தடை செய்ய வேண்டும் என்றேன். எல்லாம் விசிலோடு. அவர் என் கழுத்திலிருந்து அதைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"மகிழினி அம்மாவுக்குப் போன் போட்டாச்சா?"

போடவில்லை. ஒரே ஒரு வேலை. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசித்திருந்தேன்.

அங்கேயே நின்று போட்டேன். அந்த அம்மா கத்தவில்லை, அழவில்லை. "சரிங்க சார், இதா வாரேன்" என்றார். பின்னால் மாவு அரைக்கிற இயந்திரம் நிற்கிற சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் கையில் மாவு காய்ந்தபடியே வந்து மகளைக் கூட்டிக்கொண்டு நேராக டாக்டரிடம் போனார். அவள் போகும்போது கும்மிக்குப் பழகிய கைத்தட்டலைக் காற்றில் தட்டிக்கொண்டே போனாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு முழுதாகத் தெரியாது.

"இப்ப வாங்க, அந்தப் பையன் கிட்ட ஒண்ணு கேட்கலாம்" என்றார் தலைமையாசிரியை. தள்ளி நின்று, முகக்கவசத்தோடு, கவினைக் கேட்டார். "வலிக்கலியா கண்ணு? ஏன் லீவு போடலை?"

"அரையாண்டுப் பரிச்சை வருதுங்களே மிஸ். வராட்டி முட்டை போட்ருவீங்க. அப்பறம் கும்மில என்ற எடத்துல தருண் வந்து நின்னுக்குவான். பி.டி. சார் வேற திருப்பி அனுப்பிருவேன்னு மைக்ல சொன்னாருங்க. அதான் மஃப்ளர் போட்டுட்டு வந்தேன்."

பாருங்கள். வாசலில் நின்று நான் நோயைத் தடுக்கவில்லை. மஃப்ளருக்குள் போய் ஒளிந்துகொள் என்று அதற்கு மைக்கில் வழி சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலை மைக்கைத் தலைமையாசிரியையே பிடித்தார். மூன்று விஷயம்தான் சொன்னார். உடம்பு சரியில்லாமல் தேர்வு எழுதாதவர்களுக்கு ஜனவரியில் தனியாகத் தேர்வு வைக்கப்படும். கும்மியில் யார் இடமும் யாருக்கும் போகாது. கழுத்தில் இன்று சங்கிலி இருக்கிறவர்கள் வகுப்பு ஆசிரியரிடம் சொன்னால் போதும், திட்டு கிடையாது.

நான் எங்கெங்கே கவனிக்காமல் விட்டிருந்தேனோ அங்கேயெல்லாம் கைகள் மெதுவாக மேலே வந்தன. ஐந்தாம் வகுப்பில் இன்னும் இருவர். மூன்றில் ஒருத்தி. ஏழில் ஒரு பையன், அவன் அம்மா சங்கிலியோடு சேர்த்து மோதிரத்தையும் நூலில் கட்டிவிட்டிருந்தார். கொஞ்சம் முன்ஜாக்கிரதையான குடும்பம். கை தூக்கிய ஒரு பெண்ணுக்கு மட்டும் வீக்கமே இல்லை. "நேத்து எனக்குப் பொறந்தநாள் சார், போட்டதைக் கழட்ட மறந்துட்டேன்" என்றாள். மத்தியானத்துக்குள் அலுவலகத்துக்குப் பெற்றோரின் போன்கள் வரத் தொடங்கின. "எங்க பையனுக்கும் நேத்திருந்து லேசா இருக்குதுங்க, அனுப்பலைங்க" என்று அவர்களாகவே சொன்னார்கள். ஒரு வாரம் வாசலில் காவல் நின்று எனக்குக் கிடைக்காத விவரம் அத்தனையும் அரைநாளில் வந்து சேர்ந்தது. பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள், வீக்கம் வற்றியது, விடுமுறையும் வந்தது. சங்கிலியால்தான் வற்றியது என்று அம்மாக்கள் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. எனக்குத் தகவல் சொன்னதும் அந்தச் சங்கிலிதானே.

ஆனால் கவின் பெஞ்சிலிருந்து மகிழினிக்கு ஏதாவது தாவியிருந்தால் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடுமுறை முழுக்க அது என் தலைக்குள் உட்கார்ந்திருந்தது. மனைவி பிள்ளைகளோடு கொடுமுடிக்குப் போயிருந்தேன். அவர்கள் ஆற்றில் குளித்தார்கள். நான் படித்துறையில் உட்கார்ந்து போன் போட்டேன்.

"அம்மணி, முகம் எப்படி இருக்குதுங்க?"

"முகம் நல்லா இருக்குதுங்க சார். காலைல டாக்டர் குடுத்த சோதனைப் பட்டைய சிறுநீர்ல நனைச்சுப் பார்த்தேன், நிறம் மாறலைங்க, சத்து போகலைங்க."

மாலையில் மறுபடி.

"ஏனுங்க சார், நீங்க இப்படி நேரத்துக்கு ஒருக்கா கூப்பிட்டீங்கன்னா எனக்குக் காச்ச வந்துருமுங்க. ஒண்ணுன்னா நானே கூப்பிடறேன். நீங்க போயி தண்ணி வாத்துட்டு வாங்க."

ஜனவரியில் பள்ளி திறந்தது. புதிதாக யாருக்கும் வீக்கம் இல்லை. மகிழினியை அனுப்பலாம் என்று டாக்டர் சொன்னார். யாராக இருந்தாலும் அத்தோடு நிம்மதியாகியிருப்பார்கள். எனக்குள் இருந்த பயம் மட்டும் ஒரு நாள்கூட விடுமுறையில் போகவில்லை. கும்மி என்றால் பிள்ளைகள் நெருக்கி நிற்பார்கள், மூச்சு முட்ட ஆடுவார்கள், யாராவது இருமுவார்கள். டாக்டரையும் கேட்கவில்லை, தலைமையாசிரியையையும் கேட்கவில்லை. அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, "கும்மி இந்த வருசம் வேண்டாமுங்க, அடுத்த வருசம் ஆடட்டும்" என்று சொல்லிவிட்டேன். அவரும் சரிங்க என்றார். வாத்தியார் சொன்னால் சரிங்க என்று சொல்கிற ஊர் நம்முடையது. அதனால்தான் வாத்தியார் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுநாள் காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அவராகக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

"சார்... பாப்பாவுக்கு மொகம் வீங்கியிருக்குதுங்க. டாக்டர்கிட்டப் போயிட்டிருக்கேன்."

மேட்டுப்பாளையம் சாலையில் என் வண்டி அன்று போன மாதிரி அதற்கு முன்பும் போனதில்லை, பின்பும் போனதில்லை. இரண்டு வேறு வேறு செருப்பு போட்டிருந்தேன் என்பதை ஆஸ்பத்திரிப் படியில் ஏறும்போதுதான் கவனித்தேன். உள்ளே நுழைந்ததும் டாக்டரம்மா என்னைப் பார்த்து, "உக்காருங்க, உங்களுக்கு என்ன பண்ணுது?" என்றார்.

"எனக்கில்லைங்க டாக்டர். இந்தப் பாப்பாவுக்கு."

மகிழினி அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணிமை இரண்டும் வீங்கி, முகம் உப்பி இருந்தது. ஜூன் மாதம் அந்த அம்மாவிடம் கவலையே படாதீர்கள் என்று சொன்ன வாய் இதேதான். அதில் விசிலையாவது வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் அது இழுப்பறையில் கிடந்தது.

டாக்டர் கன்னத்தை அழுத்திப் பார்த்தார். காதுக்குக் கீழே பார்த்தார். கால் எலும்பின் மேல் விரலை வைத்து அழுத்தினார், குழி விழவில்லை. அம்மா சோதித்த பட்டையைக் கேட்டார். நிறம் மாறவில்லை. அங்கேயே இன்னொரு தடவை சோதித்தார்கள். அதுவும் மாறவில்லை. பிறகு கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி அழுதியா தங்கம்?"

தலை மட்டும் ஆடியது.

"ரொம்ப நேரமா?"

மறுபடி ஆடியது.

"யாரு அழ வெச்சா?"

மகிழினி விரலை நீட்டினாள். அது நேராக என் மேல் வந்து நின்றது.

"இவருதான் கும்மி வேண்டாம்னாருங்க."

அவள் அம்மா சிரித்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்கு உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தேன். வாழ்க்கையில் நான் வாங்கிய குற்றச்சாட்டுகளிலேயே காதுக்கு இனிமையானது அதுதான்.

"கும்மி எங்க நடக்குது?" என்றார் டாக்டர்.

"மைதானத்துலங்க. திறந்த வெளி."

"அப்பறம் என்ன? பக்கத்துல இருமுற பிள்ளைய நிறுத்தாதீங்க. களைச்சா உக்கார விடுங்க. இவளைப் பத்திரமாப் பார்த்துக்கச் சொன்னேன் சார். பொட்டிக்குள்ள பூட்டி வெக்கச் சொல்லலை." பேனாவை மூடியவர் மறுபடி திறந்தார். "உங்க பிரஷரையும் ஒருக்கா பார்த்துடலாமா?"

பார்த்தார். எவ்வளவு என்று உங்களிடம் சொல்லமாட்டேன்.

சுகாதாரப் பொறுப்புக்கு வரப்போகிறவரே, யாராக இருந்தாலும் கேளுங்கள். பயப்படாதீர்கள் என்று நான் சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். தாராளமாகப் பயப்படுங்கள். ஆனால் பயந்த கையோடு மைக்கைத் தொடாதீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் போடுகிற விதியை உடம்பு சரியில்லாத பிள்ளைதான் முதலில் கேட்கும்; கேட்டுவிட்டு ஒளிய இடம் தேடும். லீவு போட்டால் எதுவும் பறிபோகாது என்று தெரிந்தால் அதுவே வந்து சொல்லிவிடும். முதலில் போட வேண்டிய போனை முதலில் போடுங்கள். ஆபத்து போய்விட்டதா என்று உங்கள் வயிற்றைக் கேட்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். என் வயிறு இன்றுவரை போகவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பொங்கல் விழா அன்று மைதானத்தில் நல்ல வெயில். குல்லாவும் மஃப்ளரும் ஒன்றுகூட இல்லை. பெற்றோர்கள் சுற்றி நின்றார்கள். தர்ஷன் குடும்பம் முன்வரிசையில், மூன்று ஜோடிக் கன்னத்தோடு. கும்மிக்காரப் பிள்ளைகள் ஒரே நிறச் சேலையும் வேட்டியுமாக வட்டம் கட்டினார்கள். கவின் தன் இடத்தில் நின்றான். மகிழினி காற்றோட்டமான ஓரத்தில், இருபக்கமும் நான் தனியாகச் சோதித்து நிறுத்திய, இருமாத இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே நின்றாள்.

தலைமையாசிரியை அன்று காலைதான் என் விசிலைத் திருப்பிக் கொடுத்திருந்தார். எதேச்சையாக மகிழினியின் கழுத்தைப் பார்த்தேன். தங்கச் சங்கிலி. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தேன். தங்கச் சங்கிலி. வட்டம் முழுக்க, கழுத்துக்குக் கழுத்து, வெயிலில் தகதகவென்று சங்கிலி. விசில் தானாக வாய்க்குப் போனது. நான் வட்டத்துக்குள் பாய்ந்தேன்.

மகிழினி சங்கிலியை முன்னால் இழுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"கவரிங்குங்க சார்! கும்மிக்குப் போட்டது!"

மைதானமே சிரித்தது. நான் விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவன் மாதிரி ஓரமாக வந்து நின்றேன். கும்மி தொடங்கவில்லை. பிள்ளைகள் கையைத் தூக்கியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை வழக்கம்போலச் சத்தமில்லாமல் என் பக்கம் சாய்ந்தார்.

"சார், நீங்க ஊதுனாத்தான் அவங்க ஆடுவாங்க. இப்ப ஊதுங்க."

ஊதினேன்.